ஐந்து வாரத்தில் ஒரு செயலி

அலுவலகத்துக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கிளாரிசா ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். உள்ளே, காதில் செயலி செய்யக் கற்றுத்தரும் வீடியோ பாடம் ஓடிக்கொண்டிருக்கும். வீடு இருக்கும் ரிங்லெட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு மோட்டாரில் இருபது நிமிடம்; பாடம் இருபத்தைந்து நிமிடம். மீதி ஐந்து நிமிடமும் ஹெல்மெட்டோடுதான் வருகைப் பதிவேட்டை எழுதுவார். யாராவது சிரித்தால், "கொஞ்சம் இருலா, முடியப் போவுது" என்பார்.

வயது நாற்பத்தொன்று. பதினாறு வருடமாகத் தோட்டத்துக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். கணினியில் கடிதம் அடிப்பார், அட்டவணை போடுவார், அவ்வளவுதான். போன மார்ச்சில், பூச்சிமருந்தடித்து அரை நாள்கூட ஆகாத தேயிலைக் காட்டில் கொழுந்தெடுக்கப் போன மூன்று பெண்கள் மயங்கி விழுந்தார்கள். எந்தக் காட்டில் எப்போது மருந்தடித்தது என்ற விவரம் அலுவலகப் பலகையில் இருந்தது. மலையில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. மூவரும் பிழைத்து வந்ததும் தோட்ட மேலாளரான துரை கிளாரிசாவைக் கூப்பிட்டார்: "எல்லார்கிட்டயும் போன் இருக்கு. ஒரு ஆப் செஞ்சிடுங்க. அடுத்த மருந்தடிப்புக்கு அஞ்சு வாரம் இருக்கு."

"தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. விழுந்ததுல ஒருத்தி எங்கூட ஸ்கூல்ல படிச்சவ" என்றார் என்னிடம்.

ஒரு பொத்தானை அழுத்தினால் நிறம் மாற வேண்டும். அதற்கே முதல் வாரம் போய்விட்டது. அலுவலக வேலையும் குறையவில்லை. வரும் பிழைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் காரணத்தைக் குறித்துக்கொள்வார். ஒன்றின் அருகே, 'அடைப்புக்குறி விட்டுட்டேன், மடச்சி' என்றிருந்தது. "வீடியோல பாடம் சொல்றவரு எந்த ஊருன்னே தெரியாது. ஆனா ஜெபத்துல அவருக்கும் சேத்துத்தான் கேக்குறேன்."

மூன்றாம் வாரம் செயலி ஓடியது, அலுவலகத்தில் மட்டும். மலையில் போன் லைன் இல்லாத இடங்களில் திரை வெள்ளையாக நின்றது. கங்காணி ஹரிதாஸ் மழையில் கிளாரிசாவோடு காடு காடாக ஏறி, லைன் அறுந்துபோகும் இடங்களைக் காட்டினார். காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டிலேயே விவரம் போனில் இறங்கித் தங்கிவிடும்படி மாற்ற எட்டு நாள் பிடித்தது. கொழுந்தெடுக்கும் வேலம்மா போனை வாங்கிப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாது கிராணியம்மா. கலரு போடுங்க. செவப்புன்னா போமாட்டோம்." கிளாரிசா எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு காட்டுக்கும் அதன் படத்தையும் ஒரு நிறத்தையும் வைத்தார்.

மருந்தடித்த மறுநாள் காலை, ஏழாம் காட்டின் அடியில் வேலம்மாவின் கூட்டம் நின்றது. போனைப் பார்த்தார்கள்; சிவப்பு. கூடைகளோடு அடுத்த காட்டுக்கு நடந்தார்கள். கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த கிளாரிசா மோட்டார்மேல் சாய்ந்து அழுதுவிட்டார்.

அன்று மாலை வேலம்மா அலுவலகத்துக்கு வந்தார். செயலியின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி எழுத்து இருந்தது.

"இதுல மட்டும் என்னமோ எழுதியிருக்கே?"

'செய்தவர்கள்: வேலம்மா, ஹரிதாஸ், கிளாரிசா' என்றிருந்தது.

கிளாரிசா அதைப் படித்துக் காட்டவில்லை. கொழுந்துக் கறை படிந்த வேலம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, முதல் பெயரின்மேல் வைத்தார்.