இடியாப்ப உரலும் படகு எஞ்சினும்

எங்கள் அத்தாவின் வாயில் இரண்டு வார்த்தைகள் வராது. ஒன்று ‘தெரியாது’, இன்னொன்று ‘முடியாது’. அத்தா என்றால் அப்பா. எங்கள் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த விஷயம் ஏற்காடு முழுக்கத் தெரிந்திருந்ததால், மலையில் ஓடாமல் நின்றுபோன எதுவும் கடைசியில் எங்கள் வீட்டை ஒட்டிய பட்டறைக்குத்தான் வந்து சேரும். ஜீப், டிராக்டர், தண்ணீர் மோட்டார், ஒருமுறை பல் டாக்டருடைய நாற்காலிகூட வந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு படகு எஞ்சின் வந்தது.

கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காபிச் செடிக்குத் தண்ணீர் விடுவதற்காகக் கட்டிய குளம் இருந்தது. விருந்தாளிகளைக் குஷிப்படுத்த முதலாளி அதில் ஒரு சின்ன மோட்டார் படகு வாங்கி விட்டிருந்தார். அந்த எஞ்சினின் கீழ்ப்பகுதி தண்ணீருக்குள் இருக்கும். அங்கே விசிறியைச் சுழற்றும் தண்டில் இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. சீல் என்பார்கள். அவை தேய்ந்துபோய், தண்ணீர் உள்ளே புகுந்து ஆயிலோடு கலந்துவிட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் எஞ்சினை ஜீப்பில் போட்டுக்கொண்டு வந்தார்.

“ஏனுங்க பாய், ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆயிருமுங்களா? மொதலாளி சொந்தக்காரங்க வர்றாங்க.”

“சீலுதானுங்களே,” என்றார் அத்தா. அவர் அதுவரை கிட்டத்தில் பார்த்தது ஊர் ஏரியில் காலால் மிதிக்கும் படகுதான். அதை அவர் ரைட்டரிடம் சொல்லவில்லை. ரைட்டர் டீயைக் குடித்துவிட்டு, ஆகாவிட்டால் சேலத்திலிருந்து ஆள் வருமென்றும், வருகிற ஆள் எஸ்டேட்டின் ஜீப், டிராக்டர் வேலையையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார் என்றும் மெதுவாகச் சொன்னார். எங்கள் வீட்டு அடுப்பு பாதி எரிந்ததே அந்த எஸ்டேட் வேலையால்தான். போகிறபோது என் கன்னத்தைத் தட்டி, சரியானதும் நீங்களும் குடும்பத்தோடு வந்து ஒரு சுற்றுப் போங்கள் என்றார். நான் மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆக, என் மானமும் அந்த எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டது.

சேலத்திலிருந்து மூன்று ஜோடி சீல் வந்தது. செல்போனில் வீடியோ பார்த்து வேலை கற்றுக்கொள்ளும் காலம் இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் அத்தா பார்த்திருக்க மாட்டார். சீலைக் கோணாமல் உள்ளே இறக்க வேண்டும். சுத்தியலால் நேரே அடித்தால் நசுங்கிவிடும். அதே அகலத்தில் உருண்டையாக ஏதாவது வைத்து அடிக்க வேண்டும். குழாய், டம்ளர், விளக்குத் தண்டு என்று எல்லாம் வைத்துப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. வியாழக்கிழமை அடுப்படிக்குள் வந்து இப்படியும் அப்படியும் பார்த்தவர், எதையோ சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே போனார். அம்மாவின் இடியாப்ப உரலில் மாவை அழுத்தும் மரக் குழவி அது. அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லாதே கண்ணு என்று என்னிடம் மிட்டாய் தரப்பட்டது.

முற்றத்தில் நீல டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து, எஞ்சினை அதன் விளிம்பில் மாட்டி ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் கூரைவரை அடித்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் அன்று வீடு திரும்பவில்லை. அரைமணி கழித்து ஆயிலை டப்பாவில் வடித்தால், டிக்காஷன் நிறத்தில் வரவேண்டியது பால் ஊற்றிய காபியாக வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டாவது ஜோடி. பிஸ்மில்லாவைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லி இறக்கினார். மறுபடியும் பால் காபிதான். சீல் டூப்ளிகேட் என்றார். சேலத்தையே டூப்ளிகேட் என்றார். சனிக்கிழமை காலையில் யாரையும் திட்டவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. ரைட்டர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் அத்தா குளிப்பதாக நான் சொன்னேன்.

அன்று மத்தியானம் அம்மா இடியாப்பக் குழவியைத் தேடினாள். அவள் என்னை ஒரு பார்வைதான் பார்த்தாள், மிட்டாய் வாங்கிய வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆம்பிளைகள் வந்துபோகிற இடம் என்று அம்மா பட்டறைப் பக்கமே வரமாட்டாள். அன்று விறுவிறுவென்று வந்து, குழவியை எடுத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். இன்றைக்கு வீடு ரெண்டுபடப் போகிறது என்று நான் கதவோரம் ஒதுங்கினேன். ஆனால் அவள் கண் ஆயில் டப்பாவில் போய் நின்றது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் தொண்டி. அவளுடைய அப்பா, அவள் பேச்சில் வாப்பா, எஞ்சின் வைத்த வல்லத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். கடலோரத்துப் பெண் மலை உச்சிக்கு வாழ்க்கைப்பட்டது தனிக்கதை. எங்களைப் பொறுத்தவரை அவள் மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிற அம்மா, அவ்வளவுதான்.

“ரெண்டையும் எந்தப் பக்கம் பாத்து வச்சீங்க?”

“ஆயில் பக்கந்தான். ஜீப்புல அப்பிடித்தான வெப்பம்.”

“ஜீப்பு தண்ணிக்குள்ளயா ஓடுது? ஒண்ணு ஆயிலப் பாக்கணும், ஒண்ணு தண்ணியப் பாக்கணும். எங்க வாப்பா அப்படித்தான் வைப்பாக.”

அந்த ரப்பருக்கு ஓர் உதடு உண்டு. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சரக்கைத்தான் தடுக்கும். மலையில் வண்டி பார்த்தவருக்கு ஆயுசுக்கும் ஒரே கவலை, ஆயில் வெளியே போய்விடக்கூடாது. தண்ணீர் உள்ளே வரும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? ஏரி ஒன்றை விட்டால், எங்கள் ஊரில் தண்ணீர் நிற்காமல் கீழே ஓடிப்போய்விடுகிற சாமான்.

அத்தா கடைசி ஜோடியை எடுத்தார். ஒன்றைத் திருப்பினார். கையை நீட்டினார். அம்மா குழவியை அதில் வைத்தாள்.

சாயங்காலம் வடித்த ஆயில் டிக்காஷன் நிறத்தில் இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தா உடனே ரைட்டருக்குப் போன் போட்டு, “நம்ம கைக்கு வராததுங்களா?” என்றார். அடுப்படியில் அம்மா சிரித்தது ரைட்டருக்கே கேட்டிருக்கும். அந்தக் குழவி அதற்கப்புறம் பட்டறைக்கே சொந்தமாகிவிட்டது. எங்களுக்கு நோன்பு வரைக்கும் இடியாப்பம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க விருந்தாளிகள் சுற்றினார்கள். சாயங்காலம் எங்கள் முறை வந்தது. அம்மா என் பக்கத்தில் உட்காரவில்லை. நேரே பின்னால் போய், எஞ்சின் பிடியருகே சொந்தக் கட்டிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். படகுக்காரர் அத்தாவைப் பார்த்தார். அத்தா வானத்தைப் பார்த்தார். அம்மா இழுத்த ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் வாப்பாவோடு வல்லத்தில் போனவள் என்பதெல்லாம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் ஜீப் ஓட்டுகிற அத்தா, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நிமிடத்தில் எதிர்க்கரையின் சவுக்கு மரங்கள் வந்துவிட்டன. அம்மா திருப்பினாள். மறுபடி கரை. மறுபடி திருப்பினாள். தலையிலிருந்து முக்காடு நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. ஏழெட்டுச் சுற்றுக்கு மேல் எனக்குச் சலித்துப்போய், போதுமாம்மா என்று கேட்டேன்.

“அதுக்குள்ள கரை வந்துருதே கண்ணு,” என்றாள்.

திரும்பும் வழியில் அம்மா ஜீப்பின் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். நான் அத்தாவின் காதருகே போய், அம்மாவுக்கு இந்தக் குளம் பத்தவில்லையாம், ரைட்டரிடம் சொல்லி இன்னும் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள் என்றேன். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்சீட்டை ஒருமுறை பார்த்தார்.

“அது முடியாது சாமி.”

அத்தா வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு குளம் வெட்டுவது அவ்வளவு பெரிய காரியமா என்று எனக்கு விளங்கவேயில்லை.