ஜெரோம் அண்ணனும் அந்தப் பழைய கேனும்

அன்று காலை முதல் வேலையாக, அடுப்புக்கு மேலே கொடியில் கிடந்த மகளின் காலுறைகளைத் திருப்பிப் போட்டேன். நான்கு நாட்களாக விடாத மழை, எதுவும் காயவில்லை. அப்போதுதான் போன் வந்தது. ஜெரோம் அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அண்ணி. "அண்ணன் எந்திரிக்கவே இல்ல கண்ணு. வச்ச காப்பி அப்படியே ஆறிப்போச்சு" என்றார். ஈரக் காலுறையை அடுப்பு மேடையிலேயே போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

நீலகிரியில், பிக்கட்டிப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் ஜெரோம் அண்ணன் டிரைவராகவும் மெக்கானிக்காகவும் இருந்தார். நான் ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறேன். சிறு விவசாயிகளின் கொட்டகைகளிலிருந்து பச்சைத் தேயிலை ஏற்றி வரும் பிக்கப் அவருடையது என்றே எல்லோரும் சொல்வோம். சாதாரண வண்டியில் ஒரு பின்சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் வீணாகச் சுழலும். மற்றது சும்மா நிற்கும். இந்த வண்டியின் பின் அச்சுக்குள் தகடுகள் உண்டு. அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, தரையில் நிற்கும் சக்கரத்தையும் உருள வைக்கும். அந்தத் தகடுகளுக்கென்று தனி ஆயில் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவர்தான்.

"ஏனுங்க மேடம், நம்ம வண்டிக்குக் கசாயம் வந்துருச்சுங்களா?" என்று ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டுவார். ஆயில் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே எடுத்துப்போவார். ஆயில் மாற்றியதும், அது தகடுகளுக்கு நடுவே இறங்குவதற்காகத் தொழிற்சாலை முற்றத்தில் எட்டுப் போட்டு மெதுவாக ஓட்டுவார். இலை இறக்கும் பெண்கள் சிரிப்பார்கள். "என்னண்ணா, வண்டிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?" அவர் தலையை வெளியே நீட்டி, "கும்மி பழகுதுங்க. நீங்களும் வாங்க, ஆள் குறையுது" என்பார்.

கனமழையில் ஒருமுறை அவரோடு கொட்டகைக்குப் போனேன். ஏற்றத்தில் ஒரு சக்கரம் சறுக்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்கவில்லை. கை பிரேக்கை இரண்டு பல் மட்டும், லேசாக இழுத்தார். வண்டி முனகியபடி ஏறியது. "பயப்படாதீங்க. சும்மா சுத்துறதைக் கொஞ்சம் புடிச்சு நிறுத்துனா, நிக்கிறது இழுக்கும்" என்றார்.

இனி எழுதப்போவது எளிதல்ல. நான் வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், குன்னூர்க் கடையில் அந்தத் தனி ஆயில் தீர்ந்திருந்தது. இரண்டு டப்பாவிலும் இருந்த எண் ஒன்றுதானே என்று சாதாரண கியர் ஆயிலை வாங்கி வந்தேன். அலமாரியில் இடமில்லாததால், தனி ஆயில் இருந்த பழைய கேனிலேயே அதை ஊற்றி வைத்தேன். லேபிளைக் கிழிக்கவில்லை. அண்ணன் அன்று ஜலதோஷத்தில் இருந்தார். வழக்கம்போல் முகர்ந்தும் அவருக்கு எதுவும் தெரியவில்லை, எடுத்து ஊற்றிவிட்டார். வளைவுகளில் பின்பக்கம் அதிரத் தொடங்கியது. அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் தள்ளிப்போட்டார். அதற்குள் தகடுகள் தேய்ந்துபோயின. ஒரு மழை நாளில், இலை மூட்டைகளோடு வண்டி பின்னால் சறுக்கி ஓடைப் பள்ளத்தில் சாய்ந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

மேனேஜர் கேட்டபோது நானும் அங்கேதான் நின்றேன். "யாரு ஆயில் ஊத்துனது?"

"நான்தானுங்க. மூக்கடைப்போட ஊத்துனது என் தப்பு" என்றார் ஜெரோம் அண்ணன்.

சாவியை வாங்கிக்கொண்டு அவரை ஒர்க்‌ஷாப்புக்குள் போட்டார்கள். பிறகு அவர் அந்த வண்டியை ஓட்டவே இல்லை. வண்டி ரிஜிஸ்டரில் "டிரைவரின் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரிடம் போய் அழுதேன். வண்டி சாய்ந்த பிறகு கேனை மறுபடி பார்த்தபோதே தெரிந்துவிட்டது என்றார். "சொன்னா உங்களை ஊட்டுக்கு அனுப்பிருவாங்க. என்னை அனுப்ப முடியாது. அப்புறம் வண்டிக்கு அடியில யாரு படுக்குறது?" சிரித்தார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவர் பெருந்தன்மையை எனக்கு வசதியாக்கிக்கொண்டேன்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எனக்கு முன்னால் இரண்டு டிரைவர்கள் குடைக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். "தங்கமான மனுசன்."

"தங்கந்தான். ஆனா அந்த பிக்கப்பைக் கெடுத்தது இவருதானே."

ஸ்டெல்லா அண்ணி இரண்டடி தூரத்தில் நின்றார். அவர் காதிலும் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

இன்றும் கேன் எது வந்தாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அதை வைத்துக்கொள்வேன். அவர் சுமந்த பழியை இனியும் அவரிடம் விட்டுவைக்க மாட்டேன்.

திங்கட்கிழமை அந்தப் பழைய ரிஜிஸ்டரை வெளியே எடுப்பேன். அந்த வரியை அடிக்க மாட்டேன். அதன் கீழே, அந்தக் கேனில் வேறு ஆயிலை ஊற்றி வைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, இப்போது எழுதும் இந்தத் தாளோடு ஸ்டெல்லா அண்ணி வீட்டுக்குப் போய் அவர் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். வாசிக்கும் உங்கள் கைக்கு இது வருவது அதன் பிறகுதான். இதை எழுதும் இந்த நிமிடம்வரை அண்ணனைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.