பாதி போண்டா

நாற்பத்தோரு வயதில் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கின் பெண்கள் டென்னிகாய்ட் அணியில் இடம் பிடிக்க வேண்டும். வலைக்கு இரண்டு பக்கமும் நின்று ரப்பர் வளையத்தை வீசிப் பிடிக்கிற அந்த ஆட்டத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவள் நான். பொங்கல் போட்டிக்கு நான்கு பேர் வேண்டும். பயிற்சிக்கு ஆறு பேர் வந்தோம். கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. நாங்கள் அக்கா என்போம். அவர் எங்களை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளாகவே நடத்தினார்.

என் சிக்கல் எடை. குனிந்து வளையத்தை எடுத்து நான் நிமிர்வதற்குள் எதிரில் நிற்பவள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம்.

யார் காரணம் என்று யோசித்ததும் குற்றவாளி சிக்கிவிட்டது. என் கணவருக்குச் சுரங்கத்தில் ஜெனரல் ஷிப்ட். மாலை ஐந்து மணிக்கு வீடு வரும்போது டிபன் டப்பாவில் எனக்கென்று ஒரு கேன்டீன் பலகாரம் இருக்கும். ஒரு நாள் மசால் வடை, ஒரு நாள் போண்டா. கல்யாணமான பதினாறு வருடமும் இதே வழக்கம்தான். "ரெண்டு குடுப்பாங்க, ஒண்ண நான் அங்கயே சாப்ட்டுடுவேன்" என்பார்.

"இனிமே அது வீட்டுக்குள்ள வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். "சரிம்மா" என்றார். முகம் மட்டும் சுருங்கியது. ஒரு போண்டாவுக்கு இத்தனை துக்கமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு செல்போனில் வந்த ஒரு வீடியோவை நம்பி நாசமாய்ப் போனேன். காலையில் ஓட்ஸ், மதியம் வெள்ளரிக்காய், இரவு வெந்நீர். ஓட்ஸ் கஞ்சியை வாயில் வைத்ததும் போஸ்டர் ஒட்டுகிற பசைதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்தில் எடை இறங்கியதோ இல்லையோ, கோபம் ஏறியது. பால்காரரிடம் சண்டை, பக்கத்து வீட்டில் சண்டை. ஆள் இல்லாத நேரத்தில் குக்கரைத் திட்டினேன்.

ஒரு மாலை சர்வீஸ் போட்டேன். வளையம் பக்கவாட்டில் பறந்து போய் அடுத்த குவார்ட்டர்ஸ் முருங்கை மரத்தில் மாட்டிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தவள் தலை சுற்றி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா, நீ ஆட வந்தியா, விரதம் இருக்க வந்தியா?" என்றார் அக்கா. "ஆடறவ சாப்பிடணும். இட்லியோ முட்டையோ கடலையோ, உனக்குப் புடிச்சத அளவா சாப்ட்டு வா. ஞாயித்துக்கெழம பேர் குடுக்கணும். இப்படியே வந்தின்னா உன் பேரு இருக்காது."

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். என் கணவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, ஆணியும் சுத்தியலுமாக பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். உற்றுப் பார்த்தேன். கொடிக்கம்பமாக இருந்த மனிதருக்குத் தொப்பை!

"நான் பட்டினி கெடந்து சாகறேன், உங்களுக்குத் தொப்பையா?"

"நீதான கொண்டாரக் கூடாதுன்ன? வீணாக்க மனசு வரல. தெனம் அங்கயே சாப்ட்டுக்கினு இருக்கேன்."

"இப்ப ரெண்டையுமா சாப்பிடறீங்க?"

அவர் சுத்தியலையே பார்த்தார். "ஏது ரெண்டு? எப்பவும் ஒண்ணுதான் குடுப்பாங்க. நான் டீய மட்டும் குடிச்சிட்டு, அத டப்பால போட்டுக்கினு வந்துடுவேன்."

பதினாறு வருடம்! அவருக்கு உடம்பு வாகே அப்படி என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர் பங்கைத் தின்றே நான் பெருத்திருக்கிறேன். பாவமாக இருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே இந்த மனுஷன் என்று ஆத்திரமாகவும் இருந்தது.

மறுநாளே ஓட்ஸ் டப்பா பரணுக்குப் போனது. காலையில் மூன்று இட்லியும் கொத்தமல்லிச் சட்னியும், மதியம் அளவாகச் சோறும் நிறைய கீரையும், மூன்று மணிக்கு வேகவைத்த வேர்க்கடலை. ஐந்து மணிக்குக் கேன்டீன் பலகாரம் மறுபடியும் வந்தது. ஆளுக்குப் பாதி என்று சட்டம் போட்டேன். பிய்த்து வைப்பது அவர் வேலை. என் பங்கைத் தின்றுவிட்டு மைதானத்துக்குப் போனால் கால் தானாக ஓடியது. பால்காரரும் பழையபடி நின்று பேசிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வாசித்த பட்டியலில் என் பெயர் நாலாவதாக, கடைசியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து, பொங்கல் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஆனால் கடைசிப் புள்ளிவரை நான் உட்காரவில்லை. வியர்வையோடு வெளியே வந்தபோது, வேலையிலிருந்து நேராக வந்திருந்த கணவர் டப்பாவைத் திறந்து நீட்டினார். முழு போண்டா.

"நீ ஆடுனவ, முழுசா சாப்டு. இன்னிக்கு நெசமாவே ரெண்டு குடுத்தாங்க. ஒண்ண நான் அங்கயே சாப்ட்டேன்."

சொல்லிவிட்டு அவசரமாக வலையைப் பார்த்தார். நான் அவர் பெல்ட்டைப் பார்த்தேன். ஆணியால் போட்ட ஓட்டை சும்மா கிடந்தது. கொக்கி பழைய ஓட்டைக்கே திரும்பியிருந்தது. எத்தனை நாளாகப் பாதி என்ற பேரில் பெரும்பங்கை என் தட்டுக்குத் தள்ளினாரோ! போண்டாவை இரண்டாகப் பிய்த்து, மைதானமே பார்க்க, பெரிய பாதியை அவர் வாயில் திணித்தேன்.