வெந்நீர்ப் பீலி

ஐப்பசி மழையில் தொடங்கி வைகாசி வரை என் மனைவிக்குக் கொண்டை போட்டது நான்தான். பிள்ளைக் காம்பராவுக்குப் போகும் படியில் வழுக்கி விழுந்து, வலது தோளுக்குச் சற்றுக் கீழே அவளுக்கு எலும்பு முறிந்திருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம்தான் அந்தக் காம்பரா. அவள்தான் அங்கே பொறுப்பு. கட்டுப் போட்டார்கள், பிறகு கட்டைப் பிரித்தார்கள், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று படம் எடுத்தும் காட்டினார்கள். ஆனால் கை மார்புக்கு மேல் எழும்பவில்லை. கை எழும்பாத ஒருத்தியிடம் குழந்தைகளை எப்படி ஒப்படைப்பது? தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால்தான் வேலைக்குத் திரும்பலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

கொண்டை போடுவதை நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. வகிட்டை நேராக எடுப்பேன். முடியை மூன்றாகப் பிரித்து, இறுக்கம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து முறுக்குவேன். ஊசிகளை ஒரே இடைவெளியில் செருகுவேன். அவள் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பாள்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்குங்க. பாத்தா கொண்டை மாதிரி இல்ல, அவ்வளவுதான்."

காலையில் பயிற்சி. குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, வலது கை விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே நடத்த வேண்டும். எட்டிய இடத்தில் நான் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். தைப் பொங்கல் வரை கோடுகள் ஏறிக்கொண்டே வந்தன. மின்விளக்குச் சுவிட்சின் கீழ் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டன. அதன் பிறகு நான் போட்டதெல்லாம் அதே கோட்டின் மேல்தான். கோடு தடித்ததே தவிர உயரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் அம்மா தோளை அழுத்திப் பார்த்தார். "மூட்டு இறுகித்தான் இருக்கு. ஆனா பாதி பயம். கைய நீங்களே பிடிச்சு வச்சிருக்கீங்க. நல்ல வெந்நீருல தோளை நனையவிட்டு ஆட்டிப் பாருங்க" என்றார். ஒத்தடம் எல்லாம் போதாதாம்.

அப்படித்தான் நாங்கள் அந்தக் குளியல் மாளிகைக்குப் போனோம். நானுஓயாவுக்கு மேலே, பல வருடங்களாக மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையை வெந்நீர்க் குளமாக மாற்றியிருக்கிறார்கள். வடிவமைத்தவருக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து பார்த்துப் போகிறார்கள். நிலத்திலிருந்து ஊறும் வெந்நீர் வேண்டுமென்றால் கன்னியாவுக்குத்தான் போக வேண்டும். இங்கே ஓடைத் தண்ணீரைக் கொண்டுவந்து, முன்பு தேயிலை உலர்த்திய அதே அடுப்பில் விறகெரித்துச் சூடாக்குகிறார்கள். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுற்றுவட்டாரத்து ஆட்களும் போகலாம்.

வாசலில் காவலுக்கு நின்ற பெரியவர் எங்கள் பையைத் திறந்து பார்த்தார். துவாய், மாற்றுத் துணி, சவர்க்காரம். அவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஜக்கு. அதை எடுத்துத் தூக்கிப் பிடித்து, "மே மொகடத, நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார், இது எதற்கு என்று.

"நானந்த" என்றாள் என் மனைவி அதே மொழியில், குளிக்க என்று. குளிக்கப் போகிறவள் ஜக்கு இல்லாமல் எப்படிப் போவாள் என்ற தொனியில். அவர் சிரித்துக்கொண்டே ஜக்கைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

தோட்டத்தில் கட்டட வேலைகளைக் கவனிப்பவன் நான். ஓட்டை ஒழுகலைப் பார்த்தே பழகிய கண். உள்ளே போனதும் அந்தக் கண் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அலைந்தது. கொழுந்து வாட்டிய மாடிகளின் தளத்தைக் கழற்றிவிட்டு, இரும்புத் தூண்களை மட்டும் கூரை வரை நிற்க விட்டிருந்தார்கள். பழைய ஆணிகளும் திருகுகளும் அப்படியே இருந்தன. நீளச் சுவர் முழுவதும் ஜன்னல், ஜன்னல் முழுவதும் தேயிலை மலை. கீழே, முன்பு இயந்திரங்கள் நின்ற இடத்தில் குளம். அதன் தரையும் பக்கங்களும் கறுப்புக் கல். கண்ணாடிபோல அசையாத தண்ணீரில் மலையும் வானமும் தலைகீழாகக் கிடந்தன. தூரத்துச் சுவரில் ஒரு வரிசைக் கல் தூம்புகள் நீட்டிக்கொண்டிருக்க, அவற்றிலிருந்து ஆவி பறக்கும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சஞ்சிகைகளில் எல்லாம் வந்த படம் அந்தச் சுவர்தான். அன்றும் நாலைந்து மாணவர்கள் அதற்கெதிரே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் பொறுப்பாக இருந்த பெண், எங்களைப் போலத் தோட்டத்துக்காரிதான். நல்ல உயரம், கலகலப்பான வாய். குளத்து நீச்சல் உடையின் இறுக்கமான கையில் என் மனைவியின் கை நுழையவில்லை என்று தெரிந்ததும் கையில்லாத பருத்திக் கவுன் ஒன்றைத் தேடிக் கொடுத்தாள். கைபிடித்துப் படியில் இறக்கியும் விட்டாள். முழங்கால் வரை நனைந்ததும் என் மனைவி நின்றுவிட்டாள்.

"இறங்குங்கக்கா. பயமில்ல. நெஞ்சளவுதான்."

"யாரு நெஞ்சு? உன் நெஞ்சா, என் நெஞ்சா?"

"அட, யாரு நெஞ்சா இருந்தாலும் முங்க மாட்டீங்க."

"தரை தெரியலையே."

கறுப்புக் கல்லின் அழகே அதுதான், தரை தெரியாது. சின்ன வயதில் கொத்மலை அணைக்கட்டைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது, அந்தக் கறுத்த தண்ணீரைப் பார்த்து அழுதவள் அவள். நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கிக் குளிக்கிற பழக்கமே இல்லை. நின்றுகொண்டு குளிப்போம், தண்ணீர்தான் எங்கள் மேல் விழ வேண்டும். அந்தப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நான் முதலில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் நின்று காட்டினேன்.

"நீங்க நெட்டை. நீங்க நின்னா எனக்கென்ன?" என்று படியேறி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்து ஜக்கை எடுத்தாள். இடது கையால் மொண்டு வலது தோளில் ஊற்றினாள். மலைக்காற்று ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்ததால், தண்ணீர் தோளில் பட்ட மறு கணமே குளிர்ந்தது. "இப்ப தூக்கிப் பாரு" என்றேன். தூக்கினாள். வீட்டுச் சுவிட்சின் கீழ் விளிம்பு எந்த உயரமோ அதே உயரம். மறுபடி ஊற்றினாள், மறுபடி தூக்கினாள். அதே இடம். வைத்தியரிடம் காட்டும் நாள் அடுத்த வாரம். நான் கண்ணை எடுத்து வேறெங்கோ பார்த்தேன். அவளும் வேறெங்கோ பார்த்தாள்.

அவள் பார்த்தது கல் தூம்புகள் நீட்டிய அந்தச் சுவரை.

"ஏங்க, அது பீலிதானே?"

ஓடையை மறித்து, மூங்கிலோ தகரமோ வைத்துத் தண்ணீரைத் தலை உயரத்திலிருந்து விழவிடுகிற இடம்தான் பீலி. லயத்து வரிசை வீடுகளில் பிறந்த எல்லோரும் குளித்தது அதில்தான். குவாட்டர்ஸுக்குக் குடிவந்து வாளித் தண்ணீருக்குப் பழகிய பிறகு நாங்கள் பீலிப் பக்கம் போனதில்லை.

"அது அழகுக்கு வச்சதுக்கா. படம் பிடிக்கத்தான் போவாங்க. யாரும் குளிச்சு நான் பாத்ததில்ல" என்றாள் அந்தப் பெண்.

"தண்ணி விழுதுல்ல? பிறகென்ன."

எழுந்து, ஜக்கை என் பக்கம் தள்ளிவிட்டு, குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மாணவர்கள் பென்சிலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. கரையேறி, ஜக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு பின்னாலேயே போனேன்.

பீலியில் குளிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் காலை நீட்டி நனைப்பது. பிறகு முதுகு. தலை கடைசி. யாரும் சொல்லிக்கொடுத்து வருவதல்ல அது. அவள் காலை நீட்டினாள். திரும்பி முதுகைக் கொடுத்தாள். வெந்நீர் கனமாக, நேராகத் தோளில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள். தோள் செந்நிறமானது. இறுகிய முகம் மெல்லத் தளர்ந்தது. பிறகு காலையில் நான் அளந்து செருகிய ஊசிகளை இடது கையால் ஒவ்வொன்றாக உருவினாள். முடி அவிழ்ந்தது. தலையைத் தண்ணீருக்குக் கொடுத்தாள்.

தலையில் விழும் தண்ணீரைக் கை சும்மா விடாது. விழுகிற தாரையை விரலால் பிளந்து முடிக்குள் பாய்ச்ச வேண்டும். இடது கை போயிற்று. கூடவே வலது கையும் போயிற்று. முழங்கை காதைத் தாண்டி, விரல்கள் தலைக்கு மேலே, தண்ணீர் விழும் வாய்க்கே போய், தாரையை இரண்டாகப் பிளந்தன. கூப்பிட்டால் கை இறங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். பக்கத்தில் நின்ற உயரமான பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தண்ணீர் திசை மாறித் தெறித்த பிறகுதான் என் மனைவி அண்ணாந்து தன் கையைப் பார்த்தாள். இறக்கவில்லை.

"ஏங்க."

"ம்."

"பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள். "வலிச்சிட்டுப் போகட்டும்."

கையை இறக்கினாள், மறுபடி தூக்கினாள். நான் கேட்காமலே தூக்கினாள், கேட்டும் தூக்கினாள். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும்போல் இருந்ததோ என்னவோ, "நீயும் வாயேன்" என்று உயரமான பெண்ணை அழைத்தாள். "வேலை நேரத்துலயா? என் சீட்டைக் கிழிச்சிருவாங்க" என்று சிரித்தாள் அவள். ஆனால் குளத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் ஏறி வந்து அடுத்த தூம்பின் கீழ் நின்றார். என் மனைவியைப் பார்த்து முதலில் காலை நீட்டினார், பிறகு முதுகைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். நாங்கள் கிளம்பும்போது அந்தப் புகழ்பெற்ற சுவரின் முன்னால் வரிசையே நின்றது. படம் வரைந்த ஒரு மாணவி தாளைத் திருப்பி, புதிதாகத் தொடங்கினாள். இந்த முறை ஆட்களையும் சேர்த்து.

"இனிமே அழகுக்கு வச்சதுன்னு நான் யாருகிட்ட சொல்றது?" என்று வாசல் வரை வந்து கேட்டாள் அந்தப் பெண்.

உடை மாற்றும் அறையிலிருந்து என் மனைவி வர நேரமானது. வந்தபோது கொண்டை போட்டிருந்தாள். இடது பக்கம் சாய்ந்து, வகிடு வளைந்து, பிடரியில் ஒரு கற்றை தப்பித் தொங்கியது. என் கை தன்னால் நீண்டது.

"தொடாதீங்க" என்றாள்.

ஹட்டன் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் இரண்டு இருக்கைகளைப் பிடித்து, அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. நடுவில் நின்று, மேலே ஓடும் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டாள். நடத்துனர் வந்து, "அம்மா, சீட் இருக்கு" என்றார்.

"தெரியும், தம்பி."

தலவாக்கலை வளைவுகளில் பஸ் சாய்ந்தது, நிமிர்ந்தது. அவள் கம்பியை விடவில்லை. ஹட்டன் வரை நின்றுகொண்டேதான் வந்தாள்.