ஓட்டுவது நான், பேசுவது அவர்

என் கணவருக்கு வாய்தான் பிழைப்பு. திண்டிவனத்தில் துணிக்கடைத் தள்ளுபடியோ, புது மளிகைக்கடைத் திறப்போ, கோயிலில் கூழ் வார்ப்பதோ, இலவசக் கண் சிகிச்சை முகாமோ, எதுவாக இருந்தாலும் ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அறிவிப்பவர் அவர்தான். ஆடி மாதம் வந்துவிட்டால் மனிதருக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. "வாரீர், வாரீர்" என்று அவர் இழுக்கிற இழுப்பில், வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூடப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் பீரோவிலேயே அப்படி வந்து சேர்ந்த புடவைகள் உண்டு.

அந்த வாய் வீட்டுக்குள் நுழைந்ததும் பூட்டிக்கொள்ளும். தொண்டையைச் சேமிக்கிறாராம். மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைக் குடித்துவிட்டுக் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். எல்லாம் கைச்சாடைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் சோறு போதும். கட்டைவிரலை ஆட்டினால் ரசம் நன்றாக இருக்கிறது. காதைத் தொட்டால் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்த என் அம்மா, ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "மாப்ளைக்கு எங்க மேல எதாச்சும் கோவமாடி? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு இருக்காரு?" என்று கேட்டாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, தொழில் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நான் விழுப்புரத்தில் ஒரு பிளக்ஸ் பேனர் அச்சகத்தில் டிசைன் செய்கிறேன். காலையில் ரயில், சாயங்காலம் பஸ். அவசர வேலையை வீட்டிலும் முடித்துக் கொடுப்பதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தேன். அதில் அச்சகத்தில் கூட வேலை பார்க்கும் பெண் ஒரு பஸ் ஓட்டும் கேமை ஏற்றிக் கொடுத்தாள். நம் ஊர் பஸ் போலவே பச்சை பெயின்ட், முன் கண்ணாடியில் மாலை, காதைக் கிழிக்கும் ஹாரன் எல்லாம் அதில் இருந்தன. தினமும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருகிறவள் நான். நிஜமாகவே ஓட்டும் அதிகாரம் கைக்கு வந்ததும் விடுவேனா? இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு டிரிப் அடித்தால்தான் அன்றைய நாள் முடிந்ததுபோல இருக்கும்.

இதையே வீடியோவாக எடுத்து இணையத்தில் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்தது. அது ஒன்றும் பெரிய வித்தையில்லை என்றுதான் நினைத்தேன். திரையில் ஓடுவதை அப்படியே பதிவு செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. முதல் முறை பதிவானது வெறும் கறுப்புத் திரை. அதன் மேல் மவுஸ் அம்பு மட்டும் தனியாக அலைந்துகொண்டிருந்தது. அடுத்த முறை படம் வந்தது, ஆனால் மாவு மில்லுக்குள் நின்று பேசுவதுபோல இன்ஜின் சத்தத்தில் என் குரல் கேட்கவே இல்லை. கேமின் ஒலி தனி, மைக்கின் ஒலி தனி என்று பிரித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அதற்கப்புறம்தான் தெரிந்தது. அதையும் சரிசெய்து, மிக அருமையாக ஒரு டிரிப் ஓட்டி முடித்துப் பார்த்தால், பதிவுப் பொத்தானை அமுக்கவே மறந்திருக்கிறேன். இப்படி ஒரு பேஜாரான வாரம் போனது.

கடைசியில் எல்லாம் சரியாக அமைந்தபோது பேச்சு வரவில்லை. ஹெட்போன் மைக்கை வாய்க்கு நேராக இழுத்து, "வணக்கம் நண்பர்களே" என்று ஆரம்பித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. பஸ் அதுபாட்டுக்கு ஓடியது. நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் பேசட்டுமா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் அவர் இவ்வளவு தெளிவாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று!

அடுத்த நாள் தன் சொந்த மைக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அதன் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, தோரணையாக என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார். நான் பதிவைத் தொடங்கியதும் ஆரம்பித்தார் பாருங்கள்: "அன்பார்ந்த பொதுமக்களே! பெரியோர்களே! தாய்மார்களே! இதோ, உங்கள் அபிமானப் பேருந்து, வளைவை நோக்கி வந்துகொண்டிருக்கிறது! காணத் தவறாதீர்கள்!" நான் மிரண்டுபோய் எதிரே வந்த ஒரு சுமோ காரை இடித்துவிட்டேன். அவர் அசரவில்லை. "சிறிய விபத்து ஒன்று நேர்ந்துவிட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்!" என்றார். பஸ் மறுபடி கிளம்பியபோது பழக்க தோஷத்தில், "இன்று ஒரு நாள் மட்டும்!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சிரிப்பை அடக்க முடியாமல்தான் அதை வெட்டி ஒட்டினேன். எடிட்டிங் திரையில் குரல்கள் கோடுகளாகத் தெரியும். அவருடைய கோடு செஞ்சி மலை மாதிரி மேலுக்கும் கீழுக்கும் எகிறி நிற்கும். என்னுடையது அதன் அடியில் புழுதி மாதிரி. ஆனால் அந்தப் புழுதியில் நான் முணுமுணுத்தது எல்லாம் பதிவாகியிருந்தது. எனக்குத் தெரியாமலே பஸ் பயணி புத்தியில் உளறியிருக்கிறேன். "வா ராசா வா, ஒனக்காகத்தான் ரோடே போட்டாங்க", "கிழவி குறுக்க போறாங்க, ஹாரன் அடி, ஹாரன் அடி", "இன்னா இவன், இன்டிகேட்டர் போடாமலே திரும்புறான், கல்யாணத்துக்கா போறான்?" இதையெல்லாம் வெட்ட நேரமில்லாமல் அப்படியே ஏற்றிவிட்டேன்.

அந்த நாட்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. வீடியோவுக்காக அல்ல, அவர் பேசினார் என்பதற்காக. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எந்த ரூட்டு?" என்பார். பதிவு முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழாமல், "அந்த வளைவுல நீ பிரேக்கு லேட்டா புடிச்சே" என்று கொஞ்ச நேரம் வம்பளப்பார். மிளகு வெந்நீர் ஆறிப்போகும். எனக்கு ஒரு புருஷன் இருக்கிறான், அவனுக்கு வாய் இருக்கிறது என்று நான் உள்ளூரப் பூரித்துப்போனேன்.

பிறகு கமென்ட்கள் வர ஆரம்பித்தன. "அண்ணே, எந்தக் கடைல தள்ளுபடி?" என்றது ஒன்று. "அக்கா பேசுறது செம காமெடி" என்றது இன்னொன்று. அதன் கீழே ஒருத்தர், "அந்த அண்ணன் கையில இருந்து மைக்க யாராச்சும் புடுங்குங்கப்பா, அக்கா பேசுறது கேக்க மாட்டேங்குது" என்று எழுத, அதற்கு வரிசையாக ஆமாம் போட்டிருந்தார்கள். நல்லவேளை, அவர் கமென்ட் பக்கமே போகமாட்டார், வீடியோவையும் பார்க்கமாட்டார். "நாள் பூரா என் கொரலத்தான் கேட்டுக்கினு இருக்கேன். வூட்லயுமா?" என்பார்.

பார்க்கிறவர்கள் சொன்னது நியாயம்தான் என்று எனக்குள் இருந்த டிசைனருக்குத் தெரிந்தது. ஆனால் "நீங்க பேச வேணாங்க" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் சண்டையா போடுவார்? உள்ளங்கையைக் கவிழ்த்துவிட்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுவார். மறுபடியும் சாடைதான், ஊமைப்படம்தான். அது எனக்குத் தாங்காது.

சரி, அவர் இல்லாத நேரத்தில் தனியாகப் பேசிப் பதிவு செய்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆள் இல்லாததால் முணுமுணுப்பும் வரவில்லை. "நண்பர்களே, இப்பொழுது நாம் இடதுபுறம் திரும்புகிறோம்" என்று நானே அறிவிப்பாளர் ஆகிவிட்டேன். கண்றாவி. அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் வீடியோவில் இருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போனபோது, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த அவருடைய மைக் ஒயரை மெல்ல உருவிவிட்டேன். திரும்பி வந்து மைக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் தலையை விரலால் தடவிப் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. பிறகு வழக்கம்போல, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கினார்.

ஒயரை உருவினால் மட்டும் போதாது என்பது எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் குரல் என் ஹெட்போன் மைக்கிலும் கணகணவென்று ஏறியிருந்தது. பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி ஒன்று இருக்கிறதே என்று தேடிப் பிடித்து, ஃபேன் சத்தத்தோடு சேர்த்துக் கட்டிய கணவரையும் குறைத்தேன். அப்படியும் "தாய்மார்களே" மட்டும் எங்கிருந்தாவது எட்டிப் பார்த்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் என்னவென்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் நாள் போகப் போக மறைக்க வேண்டிய வேலையே குறைந்தது. அவர் குரல் தானாக இறங்கியது. பொதுமக்கள் போனார்கள், பெரியோர்கள் போனார்கள், தாய்மார்களும் போனார்கள். மைக்கைக் கையில் பிடித்தபடியே மெல்லப் பேசினார். மயிலம் ரோட்டில் ஒரு அம்மா ஆட்டோவை நிறுத்தி, "வெல சொன்னியே, காதுல வுழல, இன்னொரு வாட்டி சொல்லுப்பா" என்று கேட்டதைச் சொன்னார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயப்போட்ட தெருவில் ஆட்டோவைத் திருப்ப முடியாமல் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு வந்த கதையைச் சொன்னார். நானும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டே அச்சகத்துக் கூத்துகளைச் சொன்னேன்: கல்யாண பேனரில் மாப்பிள்ளையைவிடத் தன் படம் பெரிதாக வர வேண்டும் என்று அடம்பிடித்த தாய்மாமனைப் பற்றிச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆடிச் சீசனில் தொண்டை களைத்துப் போயிருக்கிறது, அதனால்தான் மெதுவாகப் பேசுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். வெட்டும்போது, சொந்தக் கதையை எல்லாம் எடுத்துவிட்டு, அவர் சிரிப்பையும் அங்கங்கே ஒரு சொல்லையும் மட்டும் விட்டுவைத்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு கமென்ட் வந்தது. "அக்கா, பக்கத்துல மெதுவா பேசுறாரே, அவரு யாரு? சூப்பரா சிரிக்கிறாரு. அவரையும் நல்லா கேக்குற மாதிரி பேசச் சொல்லுங்க. பழைய மைக் அண்ணன் மட்டும் வேணாம்."

எனக்கு ஒரே குஷி. உடனே அவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று துடித்தேன். ஆனால் படித்துக் காட்டினால் என் திருட்டுத்தனம் வெளியே வந்துவிடும். நன்றாகக் கேட்கவைப்பது என்றால் ஒயரைச் செருக வேண்டும். செருகினால் இத்தனை நாள் செருகவில்லை என்பது தெரிந்துவிடும். அதற்கப்புறம் அவர் ஏன் என் பக்கத்தில் உட்காரப்போகிறார்? சாயங்காலம் முழுக்க இதையே மென்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கும் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நேர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது துணிந்து ஆரம்பித்தேன். "என்னங்க, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது. உங்க மைக்கு…"

"செத்துக் கெடக்குது. அதான?" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நீ ஒயர உருவுன மொத நாளே தெரியும்மே. இத்தினி வருசமா இதையே புடிச்சிக்கினு சோறு தின்றேன். உசிரு இருக்குதா இல்லையான்னு கையில எடுத்ததும் தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏங்க தெனமும் அத கையில புடிச்சிக்கினு ஒக்காந்தீங்க?"

அவர் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரையே கூப்பிடுகிற அந்த மனிதருக்கு இதைச் சொல்லக் குரல் எழும்பவில்லை. "மைக்கு இல்லன்னா, நீங்க இங்க எதுக்கு ஒக்காந்திருக்கீங்கன்னு கேட்டுடுவியோன்னுதான்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கை கீபோர்டை விட்டு எப்போது எழுந்தது என்று தெரியவில்லை. பஸ் யாரும் ஓட்டாமல் போய், ரோட்டோரத்து மரத்தில் மோதி நின்று, ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. அதெல்லாம் அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்த வீடியோவில் மட்டும் நான் எதையும் வெட்டவில்லை. அதை யாருக்கும் போட்டுக் காட்டவும் இல்லை.