மெல்லத் தீரும் பண்டங்கள்

முறத்தில் பரப்பிய வறுத்த வேர்க்கடலையை இடது கையால் தள்ளிக்கொண்டே வருகிறார் சுபாஷ். சூம்பியது, சொத்தை, தீய்ந்தது எல்லாம் வலப்பக்கக் கிண்ணத்தில் போய் விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள்ளேயே “ரிஜெக்ட்” என்கிறார். ஓசூர் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருடமாக அவர் பார்க்கும் வேலையும் இதுதான். வார்ப்பில் வந்த அலுமினியத் துண்டுகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிக் கீறல் தேடுவது. வயது நாற்பத்திரண்டு. தேனிப் பக்கத்துக்காரர். முதல் ஷிப்டு முடிந்து வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். நாளைக்குக் காரில் தேனிக்குப் போக வேண்டும். போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம்.

வருடத்துக்கு மூன்று முறை இப்படிப் போவார். காலாண்டு, அரையாண்டு, முழுப்பரீட்சை லீவுகளில் பாதி நாள் மகள் தர்ஷினி அவரோடு இருக்கலாம் என்று குடும்ப நீதிமன்றம் எழுதிக் கொடுத்திருக்கிறது. மனைவி பொற்கொடி பிரிந்துபோய் ஒன்பது வருடமாகிறது. யார் மேல் தப்பு என்று அவரிடம் கேட்டால், “ஷிப்டு மேல தப்பு” என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

முதல் பயணத்தில் தர்ஷினிக்கு ஐந்து வயது. அம்மாவை விட்டுப் புறப்பட்ட குழந்தை திண்டுக்கல் வரை அழுதது. அழுகையை நிறுத்தத் தெரியாமல், கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். சிப்ஸ், சிவப்புக் கலரில் ஒரு ஜூஸ், ரோட்டோரக் கடையில் பஜ்ஜி. தர்மபுரி தாண்டியதும் வாந்தி தொடங்கியது. கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது. பொற்கொடி வந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாய்தாவில் உத்தரவில் ஒரு வரி கூடியிருந்தது: பயணத்தின்போது தகப்பனார் குழந்தைக்கு வெளி உணவு தரக்கூடாது.

வேறொருவர் என்றால் அவமானப்பட்டிருப்பார். சுபாஷ் அதைக் கம்பெனியில் மெஷின் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பைப்போல எடுத்துக்கொண்டார். “எழுதி ஒட்டிட்டாங்கல்ல, அப்புறம் அதும்படிதான் போகணும்” என்று சமைக்கக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்கார அம்மா ரங்கம்மா. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் கன்னடம், வாடகைக்கு இருப்பவர்களிடம் தமிழ் என்று பேசுகிறவர். “பெல்லம் பாகு தண்ணில விட்டா உருண்டு நிக்கணும்பா. அப்ப புடி. ஓடுச்சுன்னா விடு” என்று அடுப்படியில் நின்று வெல்லப்பாகு வைக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை பிடித்த கடலையுருண்டையைச் சுத்தியலால் உடைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. எள்ளுருண்டை, கேழ்வரகு மாவை வறுத்துப் பிடித்த லட்டு, உப்பு குறைத்த பொரி என்று வகைகள் ஏறின. சுண்டல் மறுநாள் ஊசிப்போகும் என்று அதை விட்டார். பக்கத்துத் தளி ஊரிலிருந்து வரும் கேரட்டைத் தோல் சீவி முழுசாக வைப்பார், நறுக்கினால் காய்ந்துவிடும்.

இதற்கு நடுவில் அவர் தானாகக் கண்டுபிடித்தது ஒன்று உண்டு. கை சும்மா இருந்தால் குழந்தை ஜன்னலைப் பார்க்கிறது. கைக்கு வேலை இருந்தால் பேசுகிறது. ஒருமுறை தோலோடு வறுத்த கடலையைக் கொடுத்துப் பார்த்தார். உடைத்து, ஊதி, தோலை மடியில் போட்டுக்கொண்டே வந்தவள் கரூரிலிருந்து நாமக்கல் வரை வாய் மூடவில்லை. யார் யாரோடு டூ விட்டார்கள், கணக்கு மிஸ்ஸுக்கு யார் பட்டப்பெயர் வைத்தது, அம்மா ஒருநாள் குக்கருக்கு விசில் போட மறந்தது, எல்லாம் வந்தது. அன்றிலிருந்து சீக்கிரம் தீர்கிற பண்டம் எதுவும் அவர் பைக்குள் போகவில்லை. ஆரஞ்சு, மாதுளை, தோல்கடலை. “லேட்டாத் தீரணும்” என்பார் ஜெகதீஷிடம். ஜெகதீஷ் பக்கத்து மேசையில் அதே வேலை பார்ப்பவர், ஓசூரிலேயே பிறந்தவர். “பிள்ளைக்கு உடம்புக்கு நல்லதுன்னு செய்றியா, வண்டி மெதுவாப் போகணும்னு செய்றியாண்ணா?” என்று அவர் கேட்டதற்கு, சுபாஷ் சிரித்துவிட்டுக் கையிலிருந்த அலுமினியத் துண்டைத் திருப்பினார்.

எட்டு வருடம் இப்படித்தான் போனது. ஓசூர் வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள்தான் முழு லீவு. மற்ற நாள் அவர் டியூட்டிக்குப் போக, குழந்தை ரங்கம்மாவோடு டிவி பார்க்கும். அப்பாவும் மகளும் சேர்ந்து இருந்ததெல்லாம் உண்மையில் அந்த ரோட்டில்தான்.

போன டிசம்பரில் தர்ஷினி காதில் எதையோ சொருகிக்கொண்டு வந்தாள். பதின்மூன்று முடிந்துவிட்டது. கடலை டப்பாவை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. சேலம் தாண்டி, தொப்பூர் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தபோது காதிலிருந்ததைக் கழற்றினாள்.

“அப்பா, ஒண்ணு சொன்னாக் கோச்சுக்கக் கூடாது.”

“சொல்லு பாப்பா.”

“மே லீவுக்கு நான் வரலப்பா. கோச்சிங் இருக்கு. அது இல்லாட்டியும்... அங்க எனக்கு யாரையும் தெரியாதுல்ல. நீ டியூட்டிக்குப் போயிட்டா செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

லாரி ஒன்று பின்னோக்கி நழுவுவதுபோல் இருந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தார்.

“அம்மா சொல்லச் சொல்லலப்பா. நானாத்தான் சொல்றேன்.”

பொற்கொடி சொல்லச் சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் இருந்திருக்கும். “சரிம்மா. படிப்புதான் முக்கியம்” என்றார்.

இப்போது மே மாதம். முறத்தில் கடலை தீர்ந்துவிட்டது. டப்பாக்களில் தேதி எழுதிய தாளை ஒட்டுகிறார். ஏதோ வாங்க வந்த ஜெகதீஷ் வாசலிலேயே நிற்கிறார்.

“அதான் வரலைன்னு சொல்லிடுச்சுல்லண்ணா பாப்பா. யாருக்கு இவ்ளோ?”

“வரலைன்னு டிசம்பர்ல சொன்னா.” பாகு ஒட்டிய விரலைத் துடைக்கிறார். “அஞ்சு மாசம் ஆச்சேப்பா. ஒருவேளை கெளம்பிட்டான்னா, வழியில என்னத்தக் குடுப்பேன்?”

அவள் கிளம்பவில்லை. மறுநாள் தேனியில் ஒரு பேக்கரியில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கிடைத்த நாற்பது நிமிடத்தில் வந்து உட்கார்ந்தாள். போன தடவையைவிட உயரம். முகத்தில் பொற்கொடியின் மோவாய் வந்திருந்தது. முட்டை பப்ஸ் வேண்டும் என்றாள். அவர் தட்டையும் அவளையும் பார்த்தார். பையிலிருந்து டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோறியா பாப்பா?”

“வேண்டாம்பா. அம்மா பாப்பாங்க.”

“பாத்தா என்ன கேப்பா?”

“ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சும்மா பாப்பாங்க. அதான் கஷ்டம்.”

ஒரு எள்ளுருண்டையை எடுத்துக் கடித்து, “சூப்பரா இருக்குப்பா” என்றாள். ஆரஞ்சைக் கையில் எடுத்தவள் மணியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். “உரிக்க டைம் இல்ல.” சுபாஷ் அதை வாங்கினார். நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பில் தோலைச் சுற்றி எடுத்தார். நாரை நீக்கி, கொட்டையைப் பிதுக்கி, சுளை சுளையாக அவள் முன்னால் வைத்தார். அத்தனை வேகமாக அவர் எதையும் உரித்ததில்லை. அவள் நின்றபடியே நாலு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

“காலாண்டுக்கு நீ வருவேல்லப்பா?”

“நானா? வருவேன்.”

“அப்பவும் இங்கயே வந்துரு. பாத்துக்கலாம்.”

தோளில் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். எதிரேயிருந்த கோச்சிங் வகுப்பு வாசலில் யாரோ ஒரு பெண் அவளுக்காகக் காத்திருந்தாள். இருவரும் சிரித்துக்கொண்டே படி ஏறினார்கள்.

சுபாஷ் மிச்சச் சுளைகளைத் தின்றார். டப்பாக்களை எண்ணி மூடினார். காருக்கு வந்து, கனமான பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வேகம் பிடித்ததுமே ஒரு சிவப்பு விளக்கு எரிந்து, மணி கீங் கீங்கென்று அடித்தது. இருக்கையில் பாரம் இருந்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக எடுத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்கிற வண்டி அது. பையைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டிருக்கலாம்.

அவர் ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார். எட்டிப் பெல்ட்டை இழுத்து, பையின் குறுக்கே கொண்டுவந்து, முறுக்கில்லாமல் நீவிவிட்டு மாட்டினார்.