மடைக்காரர் நாடகத்துக்குக் கட்டிய கயிறு

விராலிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடந்து வந்திருக்கிறேன். வெள்ளத்தில் கண்மாய் உடையாமல் இருக்க, தண்ணீருக்குள் முங்கி மடையைத் திறந்துவிட்டு அங்கேயே செத்துப்போன மடைக்காரரின் கதையைத் தேடி எடுத்து நாடகமாக எழுதியவன் நான். இன்று சாயங்காலம் அரங்கேற்றம். நோட்டீசில் ‘அனைவரும் வருக’ என்று போட்டதும் நான்தான்.

மேடைக்கு எதிரே விழாக் குழுவினர் குறுக்காகக் கயிறு கட்டுகிறார்கள். கயிற்றுக்கு அப்பால் கருவேல முள்ளோரம் மாரிமுத்து நிற்கிறார். மடைக்காரரின் பேரன், எனக்குக் கதை சொன்னவர். இன்றைக்கும் இந்த ஊருக்கு மடை திறப்பவர் இவர்தான்.

“முன்னால வந்து உட்காருங்க. உங்க தாத்தா கதைதானே,” என்கிறேன்.

“எங்காளுக இங்கிட்டுத்தாங்க நிக்கணும்.”

“அப்படின்னா யாருய்யா அந்த அனைவரும்?” என்று விழாக்காரரிடம் கத்துகிறேன். “ஊர் வழக்கம் சார்,” என்று சொல்லிவிட்டு அவர் எனக்கு மாலை எடுத்துவர ஆளனுப்புகிறார்.

மாரிமுத்து கயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“தாத்தா வெள்ளத்துல எறங்குனப்ப அவரு இடுப்புல ஒரு கயிறு கட்ட ஆளில்லைங்க. இப்பக் கட்டுறாக.”